ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள்: யூத இன அழிப்புத் திரைப்படங்களைப் பார்ப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1950களின் நடுவில் அலென் ரெனே என்ற பிரெஞ்சு இயக்குநர் நாஜி வதைமுகாம்களைப் பற்றி அரை மணி நேர ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். 'நைட் அண்ட் ஃபாக்' என்ற பெயரில் உலகம் அறிந்த படம் அது. பிணக் குவியல்களும் எலும்புக்கூடான மனிதர்களும் அதில் உண்டு. பிரெஞ்சுத் தணிக்கைக் குழு அதில் சகிக்க முடியாதது என்று பிடித்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று, ஒரு தொப்பி.

பிரான்சிலேயே இருந்த ஒரு தடுப்பு முகாமின் பழைய புகைப்படம் சில நொடிகள் திரையில் வரும். அதன் ஓரத்தில் முகாமைக் காவல் காத்தபடி ஒரு ஆள் நிற்கிறார். அவர் தலையில் இருப்பது ஜெர்மன் தொப்பி அல்ல, பிரெஞ்சுக் காவலர் அணியும் தொப்பி. அதைக் காட்டக் கூடாது என்றார்கள். கடைசியில் தொப்பியின் மேல் ஒரு மரச்சட்டம் போல வரைந்து மறைத்த பிறகுதான் படம் வெளியே வந்தது. பல வருடங்கள் கழித்து அந்த மறைப்பை நீக்கினார்கள்.

இந்த வகைப் படங்களை எப்படிப் பார்ப்பது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தத் தொப்பிக் கதையைத்தான். திரையின் நடுவில் கொடூரம் நடந்துகொண்டிருக்கும், நம் கண்ணும் அங்கேயே போகும். ஆனால் ஓரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். காவலர், எழுத்தர், ரயில் ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். தமிழில் இதற்கு 'உடந்தை' என்று நல்ல சொல் இருக்கிறது. கொன்றவனை மட்டுமல்ல, கூட இருந்தவனையும் அது பிடித்துக்கொள்ளும். அந்த உடந்தையைத் திரையில் கண்டுபிடிப்பதற்கான வழிதான் கீழே இருப்பது. பல படங்களின் முக்கியமான காட்சிகளைச் சொல்லப் போகிறேன். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படங்கள் அல்ல இவை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: அரை மணி நேரம் வரலாறு படியுங்கள்

நிறைய வேண்டாம். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது, 1935இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நூரம்பர்க் சட்டங்கள், 1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க யூதக் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்ட இரவு, 1941இல் சோவியத் யூனியன் மீதான படையெடுப்போடு தொடங்கிய துப்பாக்கிப் படுகொலைகள், 1942இல் முழுவேகம் பிடித்த நச்சுவாயு முகாம்கள். இந்த வரிசை மனதில் இருந்தால் போதும்.

அப்புறம் இன்னொன்று. கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்களும் போலந்தில் இருந்த அவுஷ்விட்ஸ் முகாமில் இறந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சினிமா கொடுத்த நினைப்பு அது. கிழக்கு ஐரோப்பாவில் 15 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அவரவர் ஊருக்குப் பக்கத்திலேயே, பள்ளங்களின் விளிம்பில் நிறுத்திச் சுடப்பட்டார்கள். சுட்டவர்களில் சாதாரண போலீஸ்காரர்களும் இருந்தார்கள். ஹாம்பர்க்கிலிருந்து போன 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனில் பெரும்பாலும் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூவ் ஊரில், "முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம்" என்று அவர்களுடைய தளபதியே வாய்ப்புக் கொடுத்தார். கிட்டத்தட்ட 500 பேரில் அந்த நிமிடமே முன்வந்து விலகியவர்கள் ஒரு டஜன் பேர்தான். அன்று சுமார் 1500 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். கட்டாயத்தால் செய்தோம் என்று ஒரு பாத்திரம் திரையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஒரு டஜன் பேர் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இரண்டாம் படி: எங்கே தொடங்குவது

பெரும்பாலோர் 1993இல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் தொடங்குகிறார்கள். நல்ல படம்தான், ஆனால் முதல் படமாக வேண்டாம். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

நான் தொடங்கச் சொல்வது 1965இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த 'தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'. யான் காடார், எல்மார் க்ளோஸ் இருவரும் சேர்ந்து இயக்கியது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. காடாரின் பெற்றோரும் தங்கையும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர் எடுத்த படத்தில் முகாமே கிடையாது, ஜெர்மானியர்களும் கண்ணில் படமாட்டார்கள்.

1942, ஸ்லோவாக்கியாவில் ஒரு சின்ன ஊர். டோனோ ஒரு தச்சன், ஏழை, கொஞ்சம் சோம்பேறி. மைத்துனன் உள்ளூர் பாசிஸ்ட் பிரமுகர். ஒரு நாள் இரவு அவன் சாராயமும் சாப்பாடும் கொண்டுவந்து, டோனோ கையில் ஒரு அரசாங்கத் தாளைக் கொடுக்கிறான். கடைத்தெருவில் ஒரு யூத மூதாட்டியின் பொத்தான் கடைக்கு இனி நீதான் பொறுப்பாளன் என்கிறது அந்தத் தாள். டோனோவின் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் கடைக்குப் போனால் கிழவிக்குக் காது கேட்கவில்லை. உலகத்தில் என்ன நடக்கிறது என்றும் தெரியவில்லை. ஏதோ உதவிக்கு வந்த பையன் என்று நினைத்து அவனை உட்கார வைக்கிறாள். கடையோ திவால். இருப்பவை சில பெட்டிப் பொத்தான்கள்தான்.

டோனோ கெட்டவன் இல்லை, அதுதான் விஷயம். கிழவி மேல் அவனுக்குப் பிரியம் வருகிறது, அவளுடைய மர சாமான்களைப் பழுது பார்த்துத் தருகிறான். இவன் போய்விட்டால் இன்னும் மோசமான ஒருத்தன் வருவான் என்று ஊர் யூதர்களே அவனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். இவனும் வாங்கிக்கொள்கிறான். யூதர்களை ஊரைவிட்டு அனுப்பும் நாள் வருகிறது. ஒலிபெருக்கியில் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்கின்றன. கடைக்குள் டோனோ குடித்துக்கொண்டே, "இவளை ஒளித்து வைப்பதா, வெளியே தள்ளிவிடுவதா" என்று கிடந்து துடிக்கிறான். மறைத்தால் தன் உயிர் போகும். 'வெள்ளை யூதன்' என்று பட்டம் கட்டி ஒரு நண்பனை அடித்து உதைத்ததை அவனே பார்த்திருக்கிறான். அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் அவன் மனம் நிமிடத்துக்கு ஒரு பக்கம் சாய்கிறது. "நீயாக இருந்தால்?" என்று படம் வாய்விட்டுக் கேட்கவில்லை. நாமாகவே கேட்டுக்கொள்கிறோம்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. நாடு கடத்தப்பட்ட ஒவ்வொரு யூதருக்கும் 500 மார்க் வீதம் ஸ்லோவாக்கிய அரசு ஜெர்மனிக்குப் பணம் கட்டியது. 1942 மார்ச் முதல் அக்டோபர் வரை கிட்டத்தட்ட 58,000 பேரை அனுப்பினார்கள். விட்டுப்போன வீடும் கடையும் தனக்கு மிஞ்சும் என்ற கணக்கில் போட்ட செலவு அது.

மூன்றாம் படி: பொருள் எங்கே போகிறது என்று பாருங்கள்

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இந்த வகைப் படங்களுக்கு அதைவிட நல்ல திறவுகோல் எனக்குத் தெரியாது. வெறுப்பு, சித்தாந்தம் எல்லாம் உண்மைதான். ஆனால் திரையில் ஒரு பொருள் கைமாறும் இடத்தைக் கவனித்தால் சாதாரண மனிதனின் பங்கு பளிச்சென்று தெரியும்.

ஜோசஃப் லோஸி இயக்கி, அலென் டெலோன் நடித்த 'மிஸ்டர் க்ளைன்' 1976இல் வந்தது. 1942 பாரிஸில் க்ளைன் ஒரு கலைப்பொருள் வியாபாரி. ஊரைவிட்டு ஓட வேண்டிய யூதர்கள் ஓவியங்களை விற்க வருகிறார்கள், இவன் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறான். யாரையும் அடிக்கவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, வெறும் பேரம்தான். பிறகு அதே பெயரில் ஒரு யூதர் இருப்பது தெரியவந்து, அரசு இவனைச் சந்தேகிக்கத் தொடங்குகிறது. கடைசிக் காட்சியில் ரயில் பெட்டிக்குள் அவனுக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று பாருங்கள். தொடக்கத்தில் ஓவியம் விற்க வந்த அதே மனிதர். அந்தப் பழைய பேரம் மறுபடி காதில் விழுகிறது.

ஹங்கேரியப் படமான '1945' (2017) போர் முடிந்த பிறகு நடப்பது. ஒரு கிராமத்து ரயில் நிலையத்தில் கறுப்பு உடையில் இரண்டு யூதர்கள் இறங்குகிறார்கள். கூடவே மரப்பெட்டிகள். யாரிடமும் எதுவும் கேட்காமல் வண்டிக்குப் பின்னால் மெதுவாக நடந்து வருகிறார்கள். அதற்குள் ஊர் நடுங்கிவிடுகிறது. யார் வீட்டில் யாருடைய கம்பளம், யார் பெயரில் யாருடைய மருந்துக் கடை என்று எல்லாருக்கும் தெரியும். 1944 மே நடுப்பகுதி முதல் ஜூலை தொடக்கம் வரை, எட்டே வாரங்களில், ஹங்கேரியிலிருந்து சுமார் 4,37,000 யூதர்கள் அனுப்பப்பட்டார்கள். வந்திருந்த ஜெர்மானிய அதிகாரிகள் மிகக் கொஞ்சம் பேர். வீடு வீடாகப் போய் ஆட்களைத் திரட்டியது ஹங்கேரியக் காவல் படை. இந்தப் பின்னணி தெரிந்து பார்த்தால் அந்தக் கிராமத்தின் பயம் மிகையாகத் தெரியாது.

போலந்துப் படமான 'இடா'விலும் இதே கணக்கு வருகிறது. யூதக் குடும்பத்தைக் கொன்றுவிட்டு அவர்கள் வீட்டிலேயே குடியிருப்பவன், புதைத்த இடத்தைக் காட்ட ஒப்புக்கொள்கிறான். பதிலுக்கு அவன் கேட்பது ஒன்றே ஒன்று, வீட்டை உரிமை கோரக் கூடாது.

நான்காம் படி: தாளையும் சொற்களையும் கவனியுங்கள்

க்லோத் லான்ஸ்மானின் 'ஷோவா' (1985) ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். 11 வருட உழைப்பு. பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூட அதில் இல்லை, பிணங்கள் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஒரே மூச்சில் பார்க்க முயன்று நான் இரண்டு முறை தோற்றேன். நான்கு மாலைகளாகப் பிரித்துக்கொண்டால் முடியும்.

அதில் ஒரு காட்சிக்காகவே படத்தைத் தேடிப் பிடிக்கலாம். வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பெர்க் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குகிறார். அது ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குப் போன ரயிலின் கால அட்டவணை. எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு, எத்தனை பெட்டிகள் என்று எல்லாம் இருக்கிறது. நிரம்பிப் போகும் வண்டி காலியாகத் திரும்புகிறது. இரகசியம் என்ற முத்திரைகூட அதில் இல்லை, அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் போட்டிருக்கிறது. கட்டணமும் உண்டு. 10 வயதுக்குள் இருந்தால் அரை டிக்கெட், 4 வயதுக்குள் இலவசம். 400 பேருக்கு மேல் போனால் கும்பல் தள்ளுபடி. யூதர்களுக்கு ஒருவழிப் பயணச்சீட்டு, காவலர்களுக்குப் போய்வரச் சீட்டு. விடுமுறைக்குப் போகிறவர்களுக்குச் சீட்டு போட்ட அதே பயண நிறுவனம்தான் இதையும் கவனித்தது.

அந்த ரயில்களைத் திட்டமிட்ட அதிகாரி ஒருவரும் படத்தில் பேசுகிறார். தான் மேசையை விட்டு எழுந்ததே இல்லை என்கிறார். அவர் ஒன்றும் நடுங்கவில்லை, வேலைப் பளுவைப் பற்றித்தான் புலம்புகிறார். இதையும் 2016இல் வந்த 'எ ஜெர்மன் லைஃப்' படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நாஜிப் பிரசார அமைச்சர் கோயபெல்ஸின் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த ப்ரூன்ஹில்டே பொம்சல், நூறு வயதைக் கடந்த பிறகு, கேமராவுக்கு முன்னால் தன் கதையைச் சொல்கிறார். எனக்கு எதுவும் தெரியாது என்கிறார். அந்த முகத்தின் சுருக்கங்களை அவ்வளவு நெருக்கத்தில் பார்த்துக்கொண்டே கேட்கையில் நம்பவும் முடியவில்லை, முழுக்கத் தள்ளவும் முடியவில்லை.

தாள் என்றதும் வான்ஸே கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 1942 ஜனவரி 20, பெர்லினில் ஏரிக்கரை மாளிகை ஒன்றில் நாஜி அரசின் அதிகாரிகள் 15 பேர் கூடி, யூதர்களை அழிக்கும் திட்டத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அவர்களில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். 2001இல் வந்த 'கான்ஸ்பிரசி' இதைக் கிட்டத்தட்ட அதே நேர அளவில் காட்டுகிறது. சாப்பாடும் மதுவும் பரிமாறப்பட, சட்ட நுணுக்கங்களை அலசுகிறார்கள். கொல்வது என்ற சொல்லுக்குப் பதிலாக 'வெளியேற்றம்' என்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. நமக்குக் கிடைத்திருப்பது கூட்டக் குறிப்பின் ஒரே ஒரு பிரதி. அதில் உரையாடல் இல்லை, சுருக்கம்தான் உண்டு. திரையில் கேட்கும் வசனங்கள் எழுத்தாளரின் கற்பனை. இதை மறந்துவிட்டு அந்த வசனங்களை மேற்கோள் காட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை

ஜொனாதன் க்ளேஸரின் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (2023) படத்துக்கு மட்டும் இந்தப் படி. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், கைபேசி ஸ்பீக்கரில் பார்த்தால் பாதிப் படம் போய்விடும். அவுஷ்விட்ஸ் தளபதி ருடோல்ஃப் ஹோஸின் வீட்டுத் தோட்டம். பூக்கள், நீச்சல் தொட்டி, குழந்தைகள். தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம் முகாம். அங்கே நடப்பதைக் கேமரா காட்டுவதே இல்லை, ஒலி மட்டும் சுவரைத் தாண்டி வரும். ஒரு இடைவிடாத உறுமல், எங்கோ ஒரு வெடிச் சத்தம், அலறல். சிறந்த ஒலிக்கான ஆஸ்கார் சும்மா கிடைக்கவில்லை.

முதல் முறை சாதாரணமாகப் பாருங்கள். பிறகு தோட்டக் காட்சி ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். முதல் முறை பார்த்தபோது அதே ஒலியை எப்போது கவனிக்காமல் விட்டோம் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அந்தக் குடும்பத்துக்கும் அப்படித்தான் பழகியிருக்கும்.

ஹோஸின் மாமியார் வரும் பகுதியை விட்டுவிடாதீர்கள். முன்பு ஒரு யூதப் பெண்மணியின் வீட்டில் துப்புரவு வேலை செய்தவர் அவர். அந்தப் பெண்மணி இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கலாம் என்கிறார். அவருடைய திரைச்சீலைகள் ஏலத்துக்கு வந்தபோது தனக்குக் கிடைக்காமல் போனதே என்ற குறையும் அதே பேச்சில் வருகிறது. சில நாள் கழித்து, இரவில் ஜன்னல் வழியே தெரியும் தீயைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊர் போய்ச் சேர்கிறார். ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போகிறார். மகள் அதைப் படித்துவிட்டு அடுப்பில் போடுகிறாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. என்னைப் பொறுத்தவரை உடந்தையைப் பற்றி இதுவரை எடுக்கப்பட்ட காட்சிகளில் இதற்கு இணை கிடையாது. பொறுக்கவில்லை, ஆனால் கிளம்பிப் போவதற்கு மேல் எதுவும் செய்யவுமில்லை.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுக்காரரிடம் நியாயமாக இருங்கள்

'ஷோவா'வில், கொலை முகாம் இருந்த போலந்தின் ஹெல்ம்னோ ஊர்த் தேவாலய வாசலில் ஒரு காட்சி. அந்த முகாமிலிருந்து உயிர் பிழைத்த மிகச் சிலரில் ஒருவரான சிமோன் ஸ்ரெப்னிக் நடுவில் நிற்கிறார். சிறுவனாக இருந்தபோது காவலர்களுக்காகப் பாட வைக்கப்பட்டவர். சுற்றி ஊர்க்காரர்கள். "அட, நீ இருக்கிறாயா!" என்று எல்லாரும் மகிழ்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு யூதர்களிடம் இருந்த தங்கத்துக்குப் போகிறது. அப்புறம் ஒருவர், யூதர்கள் இயேசுவைக் கொன்றதற்கான தண்டனை இது என்ற கதைக்குப் போய்விடுகிறார். ஸ்ரெப்னிக் அத்தனை நேரமும் புன்னகை மாறாமல் நிற்கிறார். கூட்டத்தின் பேச்சை விட்டுவிட்டு அவர் முகத்தை மட்டும் பார்த்தால் போதும்.

இதைப் பார்த்துவிட்டுப் போலந்துக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று முடிவு கட்டுவது சுலபம், தவறும்கூட. 1941 ஜூலை 10இல் யெட்வாப்னே ஊரில் போலந்து அண்டை வீட்டார் தங்கள் யூத அயலாரைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்தது உண்மை. குறைந்தது 340 பேர் கொல்லப்பட்டதாகப் போலந்து அரசு நிறுவனத்தின் விசாரணையே சொன்னது. யூதரை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்ற ஜெர்மன் ஆணை அங்கே இருந்ததும் உண்மை, அதையும் மீறிக் காப்பாற்றியதற்காக இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாட் வாஷெம் 7000க்கும் அதிகமான போலந்துக்காரர்களைக் கௌரவித்திருப்பதும் உண்மை.

ஏழாம் படி: கேமரா யார் கையில்?

1942 மே மாதம் நாஜிகள் வார்சா நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியான கெட்டோவுக்குள் ஒரு படக்குழுவை அனுப்பினார்கள். பல ஆண்டுகள் அந்தக் காட்சிகள் உண்மைப் பதிவுகளாகவே பயன்பட்டன. 2010இல் வந்த 'எ ஃபிலிம் அன்ஃபினிஷ்ட்' அவற்றில் எவ்வளவு ஜோடிக்கப்பட்டது என்று காட்டியது. ஒரே காட்சி மறுபடி மறுபடி எடுக்கப்பட்டிருக்கிறது. பட்டினியாகக் கிடந்தவர்களுக்கு நடுவே வசதியான யூதர்கள் விருந்துண்பதாக நடிக்க வைத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் பதிவு என்றாலே உண்மை என்று நினைக்கும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

கதைப்படங்களிலும் இந்தக் கேள்வி உண்டு. 1960இல் வந்த 'காப்போ' படத்தில் மின்வேலியில் விழுந்து சாகும் பெண்ணை நோக்கிக் கேமரா அழகாக நகர்ந்து போய்ச் சட்டகத்தைச் சரிசெய்துகொள்ளும். அந்த ஒரு நகர்வுக்காகப் பிரெஞ்சு விமர்சகர் ழாக் ரிவெத் மறு ஆண்டே காட்டமாக எழுதினார். இதற்கு நேர்மாறு 'சன் ஆஃப் சால்' (2015). கேமரா ஒரே ஆளின் தலையை ஒட்டியே போகும், சுற்றி நடப்பது எல்லாம் மங்கல்.

எட்டாம் படி: ஆறுதல் தரும் படத்தைச் சந்தேகியுங்கள்

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' ஏன் முதலில் வேண்டாம் என்றால், அதில் ஒரு பக்கம் பால்கனியிலிருந்து மனிதர்களைச் சுடும் அரக்கன், மறுபக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றிய வள்ளல். இரண்டுமே நாம் இல்லை. பார்ப்பவர் நிம்மதியாக எழுந்து போய்விடலாம். ஆனாலும் அந்தப் படத்தில்கூட ஓரத்தில் ஒருத்தி இருக்கிறாள். யூதர்கள் கெட்டோவுக்கு நடந்து போகும்போது, "போய் வாருங்கள் யூதர்களே" என்று வெறியோடு கத்தும் ஒரு சிறுமி. வந்து போவது சில நொடிகள்தான்.

'தி பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்' (2008) விஷயத்தில் நான் கறார். அதன் மூல நாவலை, இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் தவிர்ப்பது நல்லது என்று அவுஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020இல் சொன்னது. படம் முடியும்போது நாம் அழுவது தளபதியின் மகனுக்காக. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதென்று யாருக்குமே சரியாகத் தெரியாது என்பது போலவும் ஆகிவிடுகிறது.

ஒன்பதாம் படி: படத்துக்கு வெளியே நடந்ததையும் விசாரியுங்கள்

தொப்பியை மறைத்த கதை தனிக் கதை அல்ல. நாஜி நீதிபதிகளின் விசாரணையைச் சொல்லும் 'ஜட்ஜ்மெண்ட் அட் நூரம்பர்க்' 1961இல் சினிமாவாக வருவதற்கு முன் 1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகமாக வந்தது. விளம்பரதாரர்களில் ஒன்று எரிவாயு நிறுவனங்களின் சங்கம். எனவே நச்சுவாயு அறை பற்றிய வசனங்களில் 'கேஸ்' என்ற சொல்லை ஒலி இல்லாமல் ஆக்கினார்கள். நடிகரின் உதடு அசையும், சத்தம் வராது.

பிரான்சில் மார்செல் ஓஃப்யூல்ஸ் 'தி சாரோ அண்ட் த பிட்டி' (1969) என்ற நான்கு மணி நேர ஆவணப்படத்தைத் தொலைக்காட்சிக்காக எடுத்தார். ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் யார் என்ன செய்தார்கள் என்று விசாரிக்கிறது. யூதப் பெயர் போல ஒலிக்கும் குடும்பப் பெயர் கொண்ட கடைக்காரர் ஒருவர் தான் யூதரல்ல என்று அந்நாளில் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டதும் அவர் சொல்லும் சமாதானத்தைக் கேளுங்கள். பிரெஞ்சுத் தொலைக்காட்சி 1981 வரை படத்தை ஒளிபரப்பவில்லை.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. 'ஹோலோகாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடர், மிகையுணர்ச்சி மலிந்தது என்று விமர்சகர்களால் கிழிக்கப்பட்டது. 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பானபோது சுமார் 2 கோடிப் பேர் ஒரு பகுதியாவது பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், கொலைக் குற்றங்களுக்கு வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பை அந்த நாட்டு நாடாளுமன்றம் நீக்கியது. தொடர் மட்டுமே காரணமல்ல, ஆனால் அப்போது நடந்த விவாதத்தில் அதற்குப் பங்கு இருந்தது. கலையாகத் தோற்ற படமும் வேலை செய்யும் என்பதை வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாம் படி: பத்து நொடியைத் திரும்பப் பாருங்கள்

முடிந்தால் இரண்டு மூன்று பேராகப் பாருங்கள். முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்டுக்கொள்ள வேண்டாம். ஆளுக்கொரு ஓரத்து ஆளைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், என்ன கிடைத்தது என்று பேசுங்கள். பயிற்சிக்கு லூயி மாலின் 'ஓ ரெவுவார் லெஸ் ஆன்ஃபான்' (1987) படத்தை எடுத்துக்கொள்ளலாம். 1944 ஜனவரியில் தான் படித்த பள்ளியில் நடந்ததை மால் நாற்பது வருடத்துக்கும் மேல் மனதில் வைத்திருந்து எடுத்தது. பாதிரியார்கள் மூன்று யூதச் சிறுவர்களை மாற்றுப் பெயரில் மறைத்து வைத்திருக்கிறார்கள். திருட்டுப் பழியில் வேலை போன சமையலறைப் பையன் காட்டிக்கொடுக்கிறான். அவனோடு சேர்ந்து கள்ளச்சந்தை நடத்திய பணக்காரப் பையன்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் அதிகாரி வகுப்புக்குள் வருகிறார். ஒளிந்திருக்கும் யூதப் பையனின் உண்மைப் பெயரைச் சொல்லி, அது யாரென்று கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி முதுகைத் திருப்பி, சுவரில் இருக்கும் வரைபடத்தில் குத்தியிருக்கும் சின்னக் கொடிகளைப் பிடுங்குகிறார். அந்த இடைவெளியில் கதையின் நாயகச் சிறுவன் ஜூலியன், தன் யூத நண்பன் பானே உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறான். அதிகாரி அந்தப் பார்வையைப் பிடித்துவிடுகிறார். இங்கே நிறுத்துங்கள். பத்து நொடி பின்னால் ஓட்டி, இந்த முறை ஜூலியனையும் விட்டுவிட்டு, மற்ற பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பாருங்கள்.